மறக்காத மூக்கு

அப்போதெல்லாம் காலை ஷிஃப்டுக்கு முன்னால் என் முதலுதவி அறைக்குள் எட்டிப் பார்த்தால் புதிதாக வருகிற யாருக்கும் சிரிப்புதான் வரும். பெஞ்சில் ஆறு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு டப்பா. டப்பாவுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, யாரும் யாரோடும் பேசாமல் இருப்பார்கள். மகிமைதாஸ் அண்ணன் டப்பாவில் காப்பித்தூள். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எலுமிச்சைத் தோல் கொண்டு வருவார். பெஞ்சு ஓரத்து தினகரன் டப்பாவில் மல்லிகைப்பூ. கல்யாணமாகாதவன், யார் கொடுத்தது என்று கேட்டால் முறைப்பான். என் தம்பி கிதியோன் டப்பாவில் ஒரு சின்னத் துணிக் குல்லாய். அவன் மகள் தலையில் ராத்திரி முழுக்க இருந்த குல்லாய்.

அரை மணி நேரம் அப்படியே இருப்பார்கள். மாத்திரை பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். மாத்திரையைக் கொடுக்கிற நர்ஸ் நான். பெயர் எஸ்தர்.

எங்களுடையது பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களில் ஒன்று. தொழிற்சாலைகளின் கழிவுத் தண்ணீர் முழுவதும் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வந்து சேரும். தோலிலிருந்து வழித்த முடியும் சவ்வும் சுண்ணாம்பும் தொட்டியின் அடியில் படிந்து பம்பை அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கத் தொட்டிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே எங்கள் நிலையத்தில் யாரும் இறங்குவதில்லை. 'உள் ஆய்வு' செய்கிறார்கள்.

தொட்டிக்குள் ஒரு வாயு உண்டு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை போல நாறும். அதிகமானால் நாற்றமே தெரியாது, ஏனென்றால் மூக்கு படுத்துவிடும். எங்கள் அப்பா அந்தத் தொட்டியில்தான் போனார். அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூடியைத் திறந்துவிட்டு, நாற்றம் அடங்கும்வரை சுற்றி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அடங்கியதும் இறங்குவார்கள். அன்றைக்கும் அப்பா, "நாத்தம் பூடுச்சி, எறங்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாராம். அடங்கியது வாயு அல்ல, அவர் மூக்கு.

நான் நர்ஸுக்குப் படித்ததே அந்தக் கோபத்தில்தான். பிறகு என் தம்பியும் அதே தொட்டி வேலைக்குப் போனபோது, இருந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். அவன் இறங்குவதையும் ஏறுவதையும் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் ஏறி வர வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

மாத்திரையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ருக்கையா. மருத்துவ டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் ஊர்க்காரர்தான். அவருடைய வாப்பா சின்னதாக ஒரு தோல் ஷெட் வைத்திருந்தார். முதல் நாள் மாத்திரையோடு வந்தபோது என் பெஞ்சில்தான் உட்கார்ந்து டீ குடித்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"ஒரு வாசன வந்தா, வந்திருக்குன்னு மூளைக்குச் சொல்ல மூக்கோட செல்லுக்குள்ள சில புரதங்கள் வேல செய்யும்" என்றார். "அத ஒரு போஸ்டர்னு வச்சுக்குங்க. கூட்டம் முடிஞ்சா போஸ்டரக் கிழிச்சிடணும் இல்லையா? அதுக்கு செல்லுக்குள்ள ரெண்டு வித ஆளுங்க இருக்காங்க. ஒருத்தன் கையில சாக்பீஸ். எதக் கிழிக்கணுமோ அது மேல குறி போட்டுட்டே போவான். பின்னாலயே இன்னொருத்தன் வந்து குறி போட்டத மட்டும் கிழிப்பான். அதனாலதான் எந்த நாத்தமா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல பழகிடுது."

"அப்ப அந்தக் கிழிக்கிறவன கட்டிப் போட்டுட்டீங்க" என்றார் மகிமை அண்ணன்.

"இல்ல. அவன் கைய வச்சா செல்லே செத்துடும். எல்லாக் குப்பையையும் அள்ளறவன் அவன்தான். சாக்பீஸ்காரங்கதான் நெறைய பேர். ஒவ்வொரு சேதிக்கும் தனித்தனி ஆளு. மூக்குல இருக்கிற அந்த ஒருத்தனோட கைய மட்டும் இந்த மாத்திர பிடிச்சு வச்சுக்கும். ஒரு ஷிஃப்டுக்கு. உங்க மூக்கு களைச்சுப் போகாது. கேஸ் இருக்கிற வரைக்கும் நாறிக்கிட்டே இருக்கும். நாறினா ஏறி வந்துடுங்க, அவ்வளவுதான்."

எனக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன். "ஏன் மேடம், இவங்க மூக்குல போய் கை வைக்கணும்? காத்து உருளையோட மாஸ்க் வாங்கிக் குடுத்தா ஆவாதா?"

ருக்கையா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் அதத்தான் மொதல்ல கேட்டேன், சிஸ்டர். உங்க நிர்வாகத்துல மாத்திரைக்குத்தான் சரின்னாங்க" என்றார்.

மாஸ்க் வாங்கினால் உள்ளே ஆள் இறங்குகிறார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மாத்திரையை 'ஊட்டச்சத்து' என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எங்கள் மேனேஜர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்.

உண்மையைச் சொல்ல வேண்டும், மாத்திரை வேலை செய்தது. வாயு லேசாகக் கிளம்பினாலே ஆட்கள் ஏறி வந்தார்கள். நாளுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. வேலை முடியவில்லை என்று மேனேஜர் புலம்பினார். எனக்கு அந்தப் புலம்பல் சங்கீதமாக இருந்தது. இடுப்பில் கட்டுகிற வாயு மீட்டர்கள் இரண்டு இருந்தன. பழுதானபோது அனுப்பிச் சரிசெய்யவில்லை. மூக்கே மீட்டராக இருக்கும்போது இது எதற்கு என்றார் மேனேஜர். ஆட்களும் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள்.

ஆனால் மருந்து ஷிஃப்டோடு நிற்கவில்லை. மீதி வீட்டுக்கும் வந்தது. எந்த நாற்றத்தையும் நாம் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறோம். அது எவ்வளவு பெரிய கருணை என்பது கிதியோனைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. சாக்கடை, பக்கத்து வீட்டுக் கருவாடு, தன் சொந்த வேர்வை, எதுவும் அவனை விட்டுப் போகாது. சோற்றைத் தட்டோடு தெருவுக்கு எடுத்துப் போய் நின்றுகொண்டே தின்பான். அவன் மனைவி சுகிர்தா அப்போது நிறைமாதம். என்னிடம் வந்து அழுதாள்.

"என் பக்கத்துல படுக்க மாட்டேங்கிறாரு அண்ணி. எண்ண நாத்தம்ங்கிறாரு. எண்ணயே வெக்கிறதில்ல நானு. என்னிக்கோ வச்ச எண்ணயாம்."

அந்தச் சமயத்தில்தான் மகிமை அண்ணன் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒருநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் காப்பி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஏறி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சிஸ்டர், தொட்டிக்குள்ள முட்டி வரைக்கும் நின்னுகினு கீறேன், மூக்குல காப்பி. நாள் பூரா காப்பி. இன்னா மாயம் இது?"

மாத்திரை பிடிக்கும் நேரத்தில் மூக்கில் எந்த வாசனை இருக்கிறதோ, அது அன்றைக்கு அங்கேயே தங்கிவிடும். மற்ற நாற்றங்கள் அதற்குப் பின்னால் ஒதுங்கி நின்றுவிடும். ஒரே வாரத்தில் எல்லோர் கையிலும் டப்பா. சுகிர்தாவுக்குப் பெண் பிறந்தது. கிதியோன் குல்லாயைக் கொண்டு வர ஆரம்பித்தான். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டான். பாப்பாவை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கினான். சுகிர்தா ஒவ்வொரு காலையிலும் குல்லாயை மடித்து டப்பாவில் வைத்து, வாசனை போகாமல் இறுக்கி மூடி அனுப்பினாள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்த அக்காவுக்குத்தான் இருக்காது.

மழை விட்ட ஒரு காலையில், ஆட்கள் டப்பாக்களைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கிளம்பிய பிறகு, ருக்கையா ஃபோன் செய்தார்.

"சிஸ்டர், மூணு மாசமா உங்க ரிப்போர்ட் பார்க்கிறேன். பாதியில யாருமே ஏறி வரலையே. தொட்டி அவ்வளவு சுத்தமாயிடுச்சா?"

"சுத்தமா? மழைக்கப்புறம் இன்னும் மோசம் மேடம். ஆனா இப்ப ஆளுங்க நல்லா இருக்காங்க. டப்பா வந்ததுலருந்து."

"எந்த டப்பா?"

சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மல்லிகைப்பூ கதையைக்கூடச் சொன்னேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சிஸ்டர்" என்றார் பிறகு. குரல் மாறியிருந்தது. "போஸ்டர எதுக்குக் கிழிக்கிறாங்க? அடுத்த போஸ்டர் ஒட்டத்தான். இருக்கிறது ஒரே சுவரு. அது முழுக்க காப்பியும் பூவுமா இருந்தா கேஸ் எங்க ஒட்டும்? இத நான் யோசிச்சிருக்கணும். இன்னிக்கு யாராவது எறங்கியிருக்காங்களா?"

நான் ஃபோனை வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினேன்.

தொட்டி வாயில் தினகரன் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் குனிந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. "உனுக்கு நாறலியா?" என்றேன்.

"இல்லியே சிஸ்டர். பூவாசன தான்."

கீழே இடுப்பளவு சேற்றில் கிதியோனும் மகிமை அண்ணனும் முடிக்கற்றையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிதியோன், மேல வாடா. கேஸ் கீது."

அவன் நிமிர்ந்து சிரித்தான். "ஒண்ணும் இல்லக்கா. பாப்பா வாசனதான் வருது."

"டேய், மூக்க நம்பாத. மாத்திர தப்பு பண்ணுதுன்னு டாக்டரம்மாவே சொல்றாங்க. வாங்கண்ணே, ரெண்டு பேரும் வாங்க."

"எத்தினி மாசமா எறங்குறோம், எங்க மூக்குக்குத் தெரியாததா உங்க மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்றார் மகிமை அண்ணன். கேலியாகத்தான் சொன்னார். பேச்சு கொஞ்சம் குழறியது.

அப்போதுதான் கவனித்தேன். எனக்கு நாற்றம் அடிக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் முகத்தில் அடித்தது சுத்தமாக இல்லாமல் போயிருந்தது. அந்த இடத்தில் மாத்திரை போடாத மூக்கு என்னுடையது ஒன்றுதான். அதுவும் படுத்துவிட்டது. அப்பா இந்த இடத்தில் நின்றுதான் இறங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடேயே பொய் வந்தது.

"பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சுடா. சுகிர்தா ஃபோன்ல கத்தறா. சீக்கிரம் வா."

கிதியோன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஏணிக்குப் பாய்ந்தான். மகிமை அண்ணன், "நீ போடா, நான் இந்த முடிய இழுத்துட்டு வரேன்" என்றார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தலையை மட்டும் ஆட்டினார். கடைசிப் படியில் கிதியோனுக்குக் கால் துவண்டது. நானும் தினகரனும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டோம். திரும்பிப் பார்த்தபோது மகிமை அண்ணன் சேற்றில் குப்புற விழுந்திருந்தார். தினகரன் இறங்கப் போனான். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை அடித்தான், திட்டினான். நான் விடவில்லை.

மகிமை அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவரை மேலே வரவழைக்க என்னிடம் ஒரு பொய்கூட இல்லை. இன்று வரைக்கும் யோசிக்கிறேன், என்ன சொல்லியிருந்தால் வந்திருப்பார் என்று.

மகிமை அண்ணன் சாவுக்கு விசாரணை நடந்தது. 'அனுமதியில்லாத வாசனைப் பொருள்களைத் தொழிலாளர்கள் கொண்டு வந்ததே காரணம்' என்று எழுதினார்கள். காப்பித்தூள் டப்பா மேஜை மேல் சாட்சியாக உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து, மீட்டர் எங்கே, மாஸ்க் எங்கே என்று கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். மாத்திரையையே நிறுத்த வேண்டும் என்று ருக்கையா சொன்னார். அவரை அந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். டப்பாவுக்குத் தடை, மாத்திரை தொடரும் என்று முடிவானது. கூடவே காற்று உருளை வைத்த முகமூடி இரண்டு வந்தன. அறிக்கைக்குப் படமெடுத்து முடித்ததும் என் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ஒன்று என்னிடம், ஒன்று மேனேஜரிடம்.

கிதியோன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். மாத்திரை அவன் உடம்பைவிட்டு எப்போதோ போயிருந்தது. சோறு சோறாக மணக்கிறது என்றான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சுகிர்தா பாப்பாவைக் கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் முகம் வெளுத்தது. பாப்பாவைப் பதமாகப் பாயில் கிடத்தினான். எழுந்து வெளியே போய்த் தெரு முனையில் நின்றான். வேர்த்துக் கொட்டியது. நான் பின்னாலேயே போனேன்.

"இன்னாடா ஆச்சு?"

"கேஸ் அடிக்குதுக்கா."

"வூட்டுக்குள்ள ஏதுடா கேஸ்?"

"தெரியும். பாப்பா வாசனதான்னு தெரியுது. ஆனா அது வந்தா காலு நிக்க மாட்டேங்குது. மேல ஏறு மேல ஏறுன்னு இழுக்குது."

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பாப்பா அவனைப் பார்த்துக் கையை நீட்டும். அவன் வாசலுக்கு நகர்ந்துவிடுவான். சுகிர்தா பாப்பாவைக் கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டினாள், பவுடரை மாற்றினாள், தலையில் எண்ணெயை அப்பினாள். எதைப் பூசினாலும் அதற்கு அடியில் குழந்தையின் வாசனை இருந்தது. ஒருநாள் அவள் குழந்தையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அது வீறிட்டு அழுவதைப் பார்த்து நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

ருக்கையா வீட்டுக்கு வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கிதியோனிடம் நெடுநேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர் சாகப் பாத்த நேரத்துல மூக்கு முழுக்க குழந்த வாசன இருந்துது. அதான் சாவோட வாசனன்னு மூளை ஒட்டி வச்சிடுச்சு. இது மாத்திர இல்ல சிஸ்டர். இது அவரோடது."

"அத்த குறி போட்டுக் கிழிக்க அங்க ஒருத்தனும் இல்லியா மேடம்?"

"இருக்கான். பழைய பயம் மாறணும்னா அங்கயும் புரதம் ஒடஞ்சுதான் ஆகணும். ஆனா அவன் தானா எழுந்திரிக்க மாட்டான். அவர் திரும்பத் திரும்ப குழந்தைகிட்ட போகணும். போயி, ஒண்ணும் ஆகலன்னு ஒவ்வொரு தடவையும் உடம்புக்குத் தெரியணும். அப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா கிழியும்."

"அதுக்கு மாத்திர செய்ய முடியுமா?"

"முடியும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் செய்ய மாட்டேன்."

இப்போது காலையில் என் பெஞ்சில் டப்பாக்கள் இல்லை. நான் பீரோவைத் திறந்து முகமூடி இரண்டையும் எடுத்துப் பெஞ்சில் வைக்கிறேன். மாத்திரை டப்பாவைத் தொடுவதில்லை. மேனேஜர் வந்து முகமூடிகளைத் திருப்பிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார், மாத்திரையை அவரே கொடுக்கிறார். மறுநாள் நான் மறுபடி எடுத்து வைக்கிறேன். வேலையிலிருந்து எடுப்பேன் என்கிறார். விசாரணையில் வாயைத் திறந்தவளை உடனே எடுத்தால் நன்றாக இருக்காது என்று காத்திருக்கிறார் போல.

கிதியோன் வேலைக்குப் போகவில்லை. போன சனிக்கிழமை என் அறைக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இத்த ஒரு நாளு வூட்டுக்குக் குடேன்."

எதற்கென்று கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டு பேருமாகச் சாக்குப் பையில் கட்டி எடுத்துப் போனோம்.

ஞாயிறு, கோயில் முடிந்து வந்த பிறகு, வீட்டு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முதுகில் காற்று உருளை. முகம் முழுக்க மூடிய கண்ணாடி. அப்பா காலத்திலிருந்து தொட்டிக்காக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த முகமூடி அது. குழாயில் மூச்சு உஸ் உஸ் என்று போய் வந்தது. சுகிர்தா பாப்பாவை அவன் மடியில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சொந்தக் குழந்தையைத் தூக்க ஒரு மனிதன் இப்படி உட்கார வேண்டியிருந்தது.

பாப்பா முதலில் மிரண்டது. உதடு பிதுங்கியது. பிறகு கண்ணாடியில் எதையோ பார்த்துவிட்டு, எச்சில் கையால் அதைத் தட்டியது. உள்ளே அவன் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவன் கை பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. கால்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வாரைத் தளர்த்தினான். கண்ணாடியைத் தாடைக்குக் கீழே இறக்கி, பாப்பாவின் தலை மேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்தான். உடம்பு தூக்கிப் போட்டது. கால் உதறியது. சுகிர்தா பாப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவசர அவசரமாக முகமூடியை மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டு, குழாய் அலற மூச்சு வாங்கினான்.

மூச்சு அடங்கும்வரை சுகிர்தா பாப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்குள்ளிருந்து மெல்ல அவன் குரல் வந்தது.

"இன்னொரு தபா."